பொதுமக்களுக்கு வசனம் இல்லை

ஜூலை 14, திங்கள்

பத்து நாள் பயிற்சி இன்று தொடங்கியது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முப்பத்திரண்டு பேர். சமூக அறிவியல். சுற்றறிக்கையில் இதற்குப் பெயர் ‘செய்து கற்போம்’. இந்த ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இருபத்து மூன்று வருடமாக இதே விஷயத்தைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். யாருக்கும் எந்தச் சேதமும் ஏற்படவில்லை.

புதுக் கையேடு எண்பத்து நான்கு பக்கம். களிமண், தேங்காய் நார்க் கயிறு, துணி கிளிப், காலித் தீப்பெட்டி, பழைய செய்தித்தாள். தேவையான பொருட்களின் பட்டியல் பழைய பேப்பர் கடைக்காரரின் சைக்கிளைப் போல இருக்கிறது.

முதல்வர் அருளானந்து காலையில் அறைக்குக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். பத்தாம் நாள், பயிற்சியாளர் உண்மையான வகுப்பறையில் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பங்கேற்பாளர்கள் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார்கள்.

“பயிற்சியாளர்னா நீங்கதான் உமையாள் மேடம்.”

“தெரியும் சார்.”

“கிராம சபை பாடம். நம்ம வளாகத்துப் பள்ளிக்கூடம். உங்களுக்கென்ன, தண்ணி பட்ட பாடு.”

நான் சிறு குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்ததில்லை. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். எம்.ஏ., எம்.எட்., முனைவர் பட்டம், பிறகு நேரடி நியமனம். பி.எட். படிக்கும்போது நாற்பது நாள் ஒரு பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பு. அதில் பதினோரு நாள் மழை விடுமுறை. இதய மருத்துவருக்கு இதய நோய் வந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

காஸ் பதிவு செய்தேன். மூன்று நாளாகுமாம்.

ஜூலை 15, செவ்வாய்

கையேட்டின்படி இன்று பங்கேற்பாளர்களே குழந்தைகளாக நடிக்க வேண்டும். “இப்போது நீங்கள் எல்லாரும் நான்காம் வகுப்பு மாணவர்கள்,” என்று அறிவித்தேன். நாற்பது வயதுக்காரர்கள் கூச்சப்படுவார்கள் என்று நினைத்தேன். கூச்சப்பட்டது நான் ஒருத்திதான்.

காசிலிங்கம் என்று ஓர் ஆசிரியர். ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிறது. நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. நான் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சுண்டு விரலைத் தூக்கினார்.

“மிஸ், ஒன்னுக்கு.”

“இப்போதுதானே இடைவேளை முடிந்தது?”

“அப்ப வரல மிஸ்.”

முன் வரிசையிலிருந்து மெஹருன்னிசா எழுந்தார். முப்பது வயதிருக்கும், கண்மாய்க்கரை ஊர் ஒன்றில் இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் வேலை. “மிஸ், இவன் என் பென்சிலக் கடிச்சிட்டான் மிஸ்.”

‘இவன்’ ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளர். பென்சிலை வாயிலிருந்து எடுக்கவும் இல்லை.

“அமைதி,” என்றேன்.

“அமைதின்னா என்ன மிஸ்?” என்றது கடைசி பெஞ்சு.

தேநீர் இடைவேளையில் மெஹருன்னிசா வந்து விளக்கம் சொன்னார். ஒவ்வொருவரும் தன் வகுப்பில் தன்னைப் பாடாய்ப் படுத்தும் பிள்ளையைத்தான் நடித்தார்களாம். “காசிலிங்கம் சார் பண்ணது அவர் வகுப்புல ஒரு பொம்பளப்பிள்ளைய மேடம். தினமும் அஞ்சு தடவ ஒன்னுக்குப் போகுமாம். சார் ஒருநாள் பின்னாலயே போய்ப் பாத்திருக்காரு. அது போறதே இல்ல. வேப்பமரத்தடியில நின்னு, அவங்கம்மா நூறு நாள் வேலை செய்யிற பக்கமா ஒரு பார்வை பாத்துட்டு வந்துருமாம்.”

“பிறகு?”

“பிறகென்ன, கேக்குறப்பல்லாம் விட்டுர்றாரு.”

இதைக் கையேட்டின் எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

வளாகத்தைச் சுற்றி நடந்து வரைபடம் வரையும் செயல்பாடு. முப்பத்திரண்டு பேரும் வெயிலில் காலடி எண்ணிக்கொண்டு நடந்தார்கள். அலுவலக ஊழியர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள்.

முப்பத்தோரு பேர் வடக்கைத் தவறாகக் குறித்திருந்தார்கள். அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் வளாக வரைபடத்தில் நுழைவாயில் மேலே இருக்கிறது. வரைபடத்தின் மேல்பக்கம் வடக்கு. இது அடிப்படை. இவர்கள் எல்லாரும் நுழைவாயிலைக் கிழக்கில் போட்டிருந்தார்கள். சிவப்பு மையால் ஒவ்வொன்றையும் திருத்திக் கொடுத்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செயல்பாடுகளை நம்பி அடிப்படையை விட்டால் இப்படித்தான்.

ஜூலை 17, வியாழன்

காலையில் காசிலிங்கம் நுழைவாயிலில் எனக்காகக் காத்திருந்தார், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு.

“மேடம், இன்னிக்கு சூரியன் வடக்குல உதிச்சிருக்கு. எல்லாரும் பாத்துட்டோம்.”

அலுவலக வரைபடத்தை அருகில் போய்ப் பார்த்தேன். மூலையில் எறும்பு அளவுக்கு ஓர் அம்பு, படுத்துக்கொண்டிருக்கிறது. வரைந்தவர் தாளின் அகலத்துக்காகத் திருப்பிப் போட்டிருக்கிறார். என் தவறு என்று சொல்ல முடியாது.

“எங்க ஊர்ல பந்தியில உக்காந்தாக்கூட, இலைக்கு வடக்கோரம் இருக்குற ஊறுகாயத் தள்ளி வையிம்பாங்க மேடம்,” என்றார் மெஹருன்னிசா. ஆறுதலுக்காகச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லா வரைபடங்களையும் திரும்ப வாங்கி, சிவப்பு மையின் மேல் நீல மையால் அடித்தேன். திருத்தாமல் விட்ட அந்த ஒரே வரைபடம் சங்கச் செயலாளருடையது. அதையும் அடிக்க வேண்டியதாயிற்று.

காஸ் வந்தது.

ஜூலை 18, வெள்ளி

காலக்கோடு. கூடத்தின் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குக் கயிறு கட்டி, அவரவர் வாழ்க்கையின் முக்கியமான வருடங்களைச் சீட்டில் எழுதிக் கிளிப்பால் மாட்ட வேண்டும். வரலாற்றுக்கும் துணிக்கொடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மாட்டத் தொடங்கியதும் கூடம் அமைதியானது. நான் சொல்லாமலே.

ஊருக்கு முதல் பஸ் வந்த வருடம். கண்மாய் உடைந்த வருடம். தங்கை கல்யாணம். ஒரு சீட்டில் ‘கண் ஆபரேஷன், இரண்டு கண்ணும்’. சங்கச் செயலாளர் மூன்று போராட்டங்களைத் தனித்தனிச் சீட்டில் மாட்டினார்.

கையேட்டில் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் முப்பத்திரண்டு பேரும் ஒரு சீட்டைத் தவறாமல் மாட்டியிருந்தார்கள். முதன்முதலில் வகுப்புக்குள் போன நாள். சிலர் கிழமையோடு எழுதியிருந்தார்கள். காசிலிங்கம் கீழே சிறிதாக, ‘நான் அழுதேன், பிள்ளைகள் சிரித்தார்கள்’ என்று சேர்த்திருந்தார்.

“மேடம், உங்க சீட்டு?” என்றார்கள்.

இரண்டு மாட்டினேன். 1998, பல்கலைக்கழக முதலிடம். 2002, இங்கே பணியில் சேர்ந்தது.

“அதுக்கு முன்னால எந்தப் பள்ளிக்கூடத்துல மேடம்?” என்று காசிலிங்கம் கேட்டார். விகற்பமாகக் கேட்கவில்லை.

“நேரடி நியமனம்,” என்றேன். “அடுத்த செயல்பாட்டுக்குப் போகலாம்.”

அடுத்த செயல்பாடு எதுவும் இல்லை. மணி நான்கு ஆகியிருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

இட்லிக்கு அரைத்தேன். பிறகு சமையலறையில் நின்று இருபது நிமிடம் பாடக்குறிப்பைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். குரலுக்குப் பயிற்சி. வேறொன்றுமில்லை. “குழந்தைகளே, உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வீர்கள்?” கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது.

‘குழந்தைகளே’ என்பது சரியாக இருக்குமா? ‘மாணவர்களே’ என்றால் மேடைப் பேச்சு போல இருக்கிறது. ‘பிள்ளைங்களா’ என் வாயில் வரவில்லை. மூன்று முறை முயன்றேன்.

ஜூலை 21, திங்கள்

முதல்வரிடம் ஒரு யோசனை சொன்னேன். மாதிரி வகுப்பைப் பங்கேற்பாளர்களில் ஒருவரே எடுத்தால் அவர்களுக்கு அதிகப் பயன் கிடைக்கும். கற்போர் மையக் கோட்பாடும் அதைத்தான் வலியுறுத்துகிறது.

“நல்ல கோட்பாடு மேடம். ஆனா உங்க பேரைப் போட்டு மேல அனுப்பிட்டேனே.”

பயிற்சியில் இன்று வாரச் சந்தை. ஆளுக்கொரு கடை. மெஹருன்னிசா கற்பனை வெங்காயத்தை என்னிடம் விற்றார். எடை குறைவு என்று நான் சொல்லப்போய், கூடமே கூடி நின்று பஞ்சாயத்து பண்ணிற்று. வெங்காயமே இல்லை என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பள்ளியில் மருத்துவ முகாம் என்று கேள்விப்பட்டேன். குழந்தைகளின் உடல்நலம்தான் முக்கியம், மாதிரி வகுப்பை விட்டுக்கொடுக்கத் தயார் என்று முதல்வரிடம் சொன்னேன். முகாம் 28-ஆம் தேதிக்கு மாறிவிட்டதாம்.

ஜூலை 23, புதன்

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு மெஹருன்னிசா மட்டும் தங்கினார். காலையில் செய்த களிமண் மலைகளை ஈரத்துணியால் மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“மேடம், வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு வச்சுக்குவோம். நான் எடுத்துர்றேன். யாரும் ஒன்னும் நெனைக்க மாட்டாங்க.”

“என் தொண்டை நன்றாக இருக்கிறது.”

“இல்ல மேடம், ஒருவேளை.”

“ஒருவேளையும் இல்லை,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இந்த வாரம் முழுக்க நான் தேடிக்கொண்டிருந்த வழி அதுதான். ஏன் மறுத்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். மோட்டார் போட்டது நினைவுக்கு வந்து எழுந்து போனேன். தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்

கிராம சபைக்கு அட்டைகள் எழுதினேன். தலைவர், செயலர், வார்டு உறுப்பினர், பொதுமக்கள். பாடக்குறிப்பை நான்காவது முறையாக மாற்றினேன். இட்லி இறங்கவில்லை. மாவு புளித்திருக்க வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கடைசிப் பிரிவேளை. இருபத்தாறு குழந்தைகள். பின்னால் முப்பத்திரண்டு ஆசிரியர்கள், மடியில் குறிப்பேடு. முதல்வர் கதவருகில் நாற்காலி போட்டுக்கொண்டார். எங்கள் பட்டயப் படிப்பு மாணவிகள் வருடம் முழுவதும் பயிற்சி வகுப்பு எடுப்பது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். அந்த மாணவிகளைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து மதிப்பெண் போடுகிறவள் நான். முன்பக்கத்திலிருந்து இந்த அறையை இன்றுதான் பார்க்கிறேன். பின்னாலிருந்து பார்ப்பதைவிடப் பெரிதாக இருக்கிறது.

“வணக்கம் மிஸ்” முடிந்தது. “குழந்தைகளே, உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வீர்கள்?”

ஒரு கைகூட எழவில்லை. இருபத்தாறு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்த முகத்துடன் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பவும் கேட்டேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ பேனா மூடியைத் திறக்கும் சத்தமும் கேட்டது. அடுத்த வாக்கியம் என்ன என்று பாடக்குறிப்பைப் பார்த்தேன். அங்கே ‘மாணவர்கள் பதில் கூறுவர்’ என்று எழுதியிருந்தேன்.

முன் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் உதட்டை அதிகம் அசைக்காமல் சொன்னாள். “மிஸ், ரெண்டாவது கேள்விக்குப் போங்க.”

“ஏன்?”

“முதல் கேள்விக்கு நாங்க தெரியாதுன்னு இருக்கணும்ல.”

“யார் சொன்னது?”

“டெமோ அக்காங்க. முதல் கேள்விக்குப் பேசாம இருக்கணும். ரெண்டாவதுக்கு நாலு பேரு கை தூக்கணும், ஒருத்தங்க தப்பாச் சொல்லணும். கடைசியில எல்லாரும் தூக்கணும்.”

“தப்பாச் சொல்றது நான் மிஸ்,” என்று ஒரு பையன் எழுந்து பெருமையாகத் தெரிவித்தான்.

எனக்குப் புரிந்தது. முதல் கேள்விக்கே எல்லாரும் பதில் சொன்னால், ‘ஏற்கனவே தெரிந்த பாடத்தை ஏன் நடத்துகிறாய்?’ என்று மதிப்பெண்ணைக் குறைப்பது நான்தான். மாணவிகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வழி என் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

“உன் பெயர்?”

“தேஜாஸ்ரீ மிஸ். மிஸ், நீங்க பாடம் எடுக்கப் புதுசா?”

பின்னால் பேனாக்கள் நின்றன. என் பெயர் இந்த நிறுவனத்தின் கதவில் மாட்டியிருக்கிறது. என் வகுப்பில் படித்தவர்கள் இப்போது தலைமையாசிரியர்கள்.

“ஆமாம்,” என்றேன். “சின்னப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பு இதுதான்.”

குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது. சமையலறைப் பயிற்சியின் பலன்.

“பயப்படாதீங்க மிஸ், நாங்க பாத்துக்கிறோம்,” என்றாள் தேஜாஸ்ரீ. சொன்னவுடன் எல்லாரும் எழுந்து பெஞ்சுகளை வட்டமாகப் போட ஆரம்பித்தார்கள். நான் அட்டைகளை எடுக்கக்கூட இல்லை. “கிராம சபைதான மிஸ்? இந்த மாசத்துல மூணாவது தடவ.” அவள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். “நான் தலைவர்.”

“யார் உன்னைத் தேர்ந்தெடுத்தது?”

“அக்காங்க. நான் சத்தமாப் பேசுவேன். ரெண்டாப்புல இருந்து நான்தான்.”

“ரெண்டாப்புல இருந்து நான் பொதுமக்கள்,” என்று ஓரத்திலிருந்து ஒரு குரல். ஒல்லியான பெண், பெயர் நிவாஷினியாம். “பொதுமக்களுக்கு வசனமே இல்ல மிஸ். கடைசியில கை மட்டும் தட்டணும்.”

பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள். நான் பாடக்குறிப்பைப் பார்த்தேன். என் நான்காவது திருத்தத்திலும் பொதுமக்களுக்கு வசனம் இல்லை. குறிப்பை மேசையில் வைத்தேன்.

“உண்மையான கிராம சபையில் பொதுமக்கள்தான் பேச வேண்டும்,” என்றேன். “பேசு.”

“நெசமாவா மிஸ்? எத வேணா கேக்கலாமா?”

“கேட்கலாம். அதற்குத்தான் சபை.”

அவள் எழுந்தாள். பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எங்க விளையாட்டு பீரியட யாரு எடுத்தது?”

அறை முழுக்க ஒரு ‘ஆமா’ எழுந்தது. புதன், வெள்ளி கடைசிப் பிரிவேளை இவர்களுக்கு விளையாட்டாம். அந்த நேரத்தில்தான் டெமோ அக்காக்கள் வருவார்களாம். “மத்த வகுப்பெல்லாம் வெளியில கோகோ விளையாடும் மிஸ். நாங்க இங்க உக்காந்து தெருவெளக்கு எரியலன்னு சொல்லிக்கிட்டு இருப்போம்.”

“அந்த அட்டவணை...” என்று தொடங்கினேன்.

“யாரு மிஸ் போட்டது?”

‘விளையாட்டு நேரத்தில் வைத்தால் பாடம் கெடாது’ என்று பதினொரு வருடம் முன்பு குறிப்பு எழுதி முதல்வரிடம் ஒப்புதல் வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையெழுத்துகூட நினைவிருக்கிறது.

“நான்தான்,” என்றேன்.

அதன் பிறகு வகுப்பு என் கையில் இல்லை. இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தப்பாகச் சொல்லும் பையன் முதல்முறையாகச் சரியாக ஒன்றைச் சொன்னான்: மற்ற பிரிவேளைகளும் இருக்கின்றனவே, அதில் வைத்தால் என்ன? “பரிசீலிக்கிறேன்,” என்றேன்.

“அப்படின்னா முடியாதுன்னுதான மிஸ்?” என்றாள் நிவாஷினி. “எங்கப்பா சொல்லிருக்காங்க.”

“விடாத பாப்பா, எழுதி வாங்கு!” கடைசி வரிசையிலிருந்து காசிலிங்கம். கவனிக்க வந்தவர்கள் பேசக் கூடாது என்பது விதி. நான் திரும்பிப் பார்த்ததும் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

தீர்மானத்தை அவளே கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து எழுதினாள். வாக்கெடுப்பில் ஆதரவு இருபத்து நான்கு. ஒருத்தி கழிப்பறையில் இருந்தாள். எதிர்த்தது தலைவர் மட்டும். “அப்ப இனிமே டெமோவே இருக்காதா மிஸ்?” என்று தேஜாஸ்ரீ கேட்டபோது கண்ணில் நீர் கட்டியிருந்தது. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலைவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் கீழே போட்டேன்.

மணி அடித்தது. தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு எதுவும் நடக்கவில்லை. வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன். பங்கேற்பாளர்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். யாரும் வகுப்பு நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. அதற்காக நன்றி சொல்ல வேண்டும்.

“கயித்துல உங்க சீட்டப் பாத்தன்னிக்கே எல்லாருக்கும் தெரியும் மேடம்,” என்றார் மெஹருன்னிசா.

“பின்னே ஏன் யாரும் கேட்கவில்லை?”

“கேட்டா நீங்க லீவு போட்டுருப்பீங்க.”

உண்மை. திங்கட்கிழமையே ஒரு விடுப்புக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். அதை இப்போதுதான் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 26, சனி

பகல் பதினோரு மணி வரை தூங்கினேன். இப்படித் தூங்கிப் பல வருடம் ஆகிறது.

ஜூலை 28, திங்கள்

தீர்மானத்தை முதல்வரிடம் கொடுத்தேன். கணக்கு நோட்டுத் தாள் என்பதால் பின்பக்கம் ஒரு வகுத்தல் இருந்தது. அதையும் சரிபார்த்தார்.

“விளையாட்ட விட்டுக்குடுத்தா நம்ம பொண்ணுங்க எப்ப வகுப்பு எடுக்குறது?”

“பாட வேளையில்.”

“பாடம் கெட்டுரும்னு நீங்கதான மேடம் எழுதுனீங்க?”

“எழுதினேன் சார். பயிற்சி வகுப்பால் பாடம் கெடும் என்றால் நாம் சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லை என்று அர்த்தம். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளித் தலைமையாசிரியை ஜெயசீலியைப் போனில் கூப்பிட்டார். இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது “ம்... ம்... சரி... அதுவும் நியாயம்” மட்டும்.

“சம்மதிச்சுட்டாங்க. ஒரு நிபந்தனை. பயிற்சி வகுப்பால வாரத்துக்கு ரெண்டு பாட வேளை போகும். அதுல ஒன்னையாவது நம்ம நிறுவனத்துலருந்து ஒருத்தர் வந்து ஈடு கட்டணுமாம். பிள்ளைங்க யாரு வேணும்னு பேர் சொல்லிட்டாங்களாம்.”

“யார்?”

“அந்தப் புது மிஸ்ஸாம்.”

எனக்குக் கல்லூரித் தேர்வுத்தாள் திருத்தும் பணி இருக்கிறது, இரண்டு ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள், கையேடு பற்றிய அறிக்கை எழுத வேண்டும். இவை எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “திங்கட்கிழமை என்றால் வசதி,” என்றேன்.

ஜூலை 30, புதன்

கடைசிப் பிரிவேளையில் நூலகத்துக்குப் போகும் வழியில் மைதானத்தைப் பார்த்தேன். நான்காம் வகுப்பு கோகோ ஆடிக்கொண்டிருந்தது. தேஜாஸ்ரீதான் நடுவர். அந்த வேலையும் சத்தமாகப் பேசுகிறவர்களுக்குத்தான் போலிருக்கிறது. ஆனால் ஒரு தீர்ப்பையும் யாரும் ஏற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

என் முதல் வகுப்பு. இரண்டாவது என்றும் சொல்லலாம், எண்ணுவதைப் பொறுத்தது. பின்னால் யாரும் இல்லை. பாடக்குறிப்பு அரைப் பக்கம்தான் எழுதியிருந்தேன்.

நாற்பது நிமிடத்தில் முப்பத்தெட்டு நிமிடம் யாரும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவன் பட்டனை விழுங்கிவிட்டதாகச் சொன்னான். பிறகு அது சட்டைப் பையிலிருந்து கிடைத்தது. இருபத்து மூன்று வருடமாக வகுப்பறை மேலாண்மை என்று நான் பாடம் எடுத்த பதினாறு உத்திகளில் ஒன்பதைப் பயன்படுத்திப் பார்த்தேன். மீதி ஏழைப் பயன்படுத்த நேரம் இல்லை.

இரண்டு நிமிடம் மட்டும் கேட்டார்கள். சாக்பீஸ் கைதவறி விழுந்து மேசைக்கடியில் உருண்டது. நான் குனிந்து, மேசைக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டே எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அறையில் சத்தமே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், இருபத்தாறு பேரும் பெஞ்சின் நுனிக்கு வந்து, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன சொன்னேன் என்று சுத்தமாக நினைவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.